அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் மகள் வாய் திறப்பதில்லை

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

மகளுக்கு ஒன்பது வயது. அரசுப் பள்ளியில் நான்காம் கிரேடு படிக்கிறாள். தினமும் காலையில் வகுப்பே எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, கொடியைப் பார்த்து ‘ப்ளெட்ஜ்’ எனப்படும் உறுதிமொழியைச் சொல்கிறது. மகளும் சொல்கிறாள். நடுவில் ‘அண்டர் காட்’, அதாவது ‘கடவுளின் கீழ்’ என்ற இரண்டு சொல் வரும்போது மட்டும் உதட்டை மூடிக்கொண்டு, அடுத்த சொல்லில் சேர்ந்துகொள்கிறாள். அப்பா பெரியார் வழியில் வளர்ந்தவர். அம்மா தினமும் விளக்கேற்றித் தேவாரம் படிப்பவர். வீட்டில் அப்பா பேசியதிலிருந்து மகள் இதைப் பிடித்துக்கொண்டாள் என்பது அம்மாவின் எண்ணம்.

போன மாதம் டீச்சர் இதைக் கவனித்து, அவளை வகுப்பின் முன் நிறுத்தித் தனியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அதே இடத்தில் அவள் மறுபடி நிறுத்தியிருக்கிறாள். அன்று ரீசஸ் எனப்படும் விளையாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் அவளை மட்டும் உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். ‘நாட்டை மதிக்கக் கற்றுக்கொடுங்கள்’ என்று வீட்டுக்கு மின்னஞ்சலும் வந்தது. கணவர் வழக்குப் போட வேண்டும் என்கிறார். அந்தச் சொற்களை நீதிமன்றமே நீக்கிவிட்டதாக எங்கோ படித்திருக்கிறார். மனைவிக்குக் கிரீன் கார்டு கவலை. இருவரும் எச்-1பி விசாவில் வந்து பல வருடமாக வரிசையில் நிற்கிறார்கள். “சாமி பேர்தானே, சொல்லிட்டுப் போனா என்ன? நாத்திகக் குடும்பம்னு பேர் வாங்கணுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதை அரிக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டு சொல்லைச் சொல்லாததற்காக அவளை வகுப்பின் முன் நிறுத்தியதும், விளையாடப் போகவிடாமல் உட்கார வைத்ததும் அரசுப் பள்ளி ஆசிரியர் செய்யக் கூடாத காரியங்கள். 80 வருடத்துக்கு மேலாகச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கடிதத்தில் ‘அவள் பிடிவாதம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அவள் காதுபடச் சொல்லியிருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைத்து, ‘நீ செஞ்சது தப்பில்லம்மா’ என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களும் உங்கள் கணவரும் ஒரே விஷயத்துக்குச் சண்டை போடுவதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடவுள் பெயரை அரசாங்கம் உறுதிமொழியில் வைக்கலாமா என்பது அவர் கேட்கிற கேள்வி. வைத்ததை உங்கள் மகள் சொல்லியே ஆக வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நீதிமன்றங்கள் இதுவரை, பெரும்பாலும், ‘வைக்கலாம்’ என்றே பதில் சொல்லியிருக்கின்றன. இரண்டாவதற்கு உச்ச நீதிமன்றம் ‘கட்டாயப்படுத்தக் கூடாது’ என்று முடித்துவிட்டது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால், ஜெயிக்க வேண்டிய இடத்தில் தோற்றுவிடுவீர்கள்.

இரண்டாவது கேள்வியின் கதையை முதலில் சொல்கிறேன். 1940-ல் பென்சில்வேனியாவில் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த இரண்டு பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. அதன்பின் பல ஊர்களில் அந்தப் பிள்ளைகளின் சமயத்தவரை அடித்தார்கள், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிகளிலிருந்து விரட்டினார்கள். மூன்றே வருடத்தில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. மேற்கு வர்ஜீனியா வழக்கில் 1943 ஜூன் 14 அன்று வந்த தீர்ப்பு அது, 6-க்கு 3. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ இதுதான் சரியான கருத்து என்று விதிக்கவும், அதைக் குடிமக்கள் வாயால் ஒப்புக்கொள்ள வைக்கவும் பெரிய அதிகாரிக்கும் உரிமை இல்லை, சின்ன அதிகாரிக்கும் இல்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். நான்காம் கிரேடு டீச்சரும் அந்தச் சின்ன அதிகாரி கணக்கில்தான் வருவார்.

எழுந்து நிற்கச் சொல்லியோ, நிற்காவிட்டால் வெளியே போகச் சொல்லியோ மாணவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நியூயார்க் பக்கத்துக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973-ல் சொன்னது. உங்கள் மகள் நிற்கிறாள், கையை நெஞ்சில் வைக்கிறாள், இரண்டு சொல் தவிர மீதியைச் சொல்லவும் செய்கிறாள். இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?

நம் ஊர் ஞாபகமும் வருகிறது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் இந்த 1943 வழக்கும் பேசப்பட்டிருக்கிறது.

‘சாமி பேர்தானே’

இதில்தான் உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. சொல்ல மறுத்தால் நாத்திகம் என்று நினைக்கிறீர்கள். 1940-ல் தோற்றதும் 1943-ல் ஜெயித்ததும் நாத்திகர்கள் இல்லை. எல்லோரும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கடும் பக்தி உள்ளவர்கள். கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக வழிபாடு போன்றது, கடவுளுக்கு மட்டும் உரியதைத் துணிக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்கள். கேரளத்துப் பிள்ளைகளும் அதே சமயம்தான். உங்கள் மகளைக் காப்பாற்றும் சட்டத்தை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள். தேவாரம் படிக்கிற நீங்கள் இந்த உரிமையை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்த இரண்டு சொல் ஆதியிலிருந்தே இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உறுதிமொழியை 1892-ல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி, பாப்டிஸ்ட் சபைப் போதகர். போதகரே எழுதியும் அதில் கடவுள் பெயர் இல்லை. 62 வருடம் இல்லாமல்தான் சொன்னார்கள். கம்யூனிஸ்ட் ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலத்தில், கடவுள் இல்லாத அவர்களிடமிருந்து நாம் வேறு என்று காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் கத்தோலிக்க அமைப்பு ஒன்று இயக்கம் நடத்தியது. 1954 ஜூன் 14 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட, சொற்கள் உள்ளே வந்தன.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிலர் கடவுள் பெயரால் ஆணையிடுவார்கள், சிலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பார்கள். இரண்டையும் அரசியல் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. என் மனதில் நடுநிலை என்றால் அதுதான். இந்த உறுதிமொழியில் அந்த மாற்று வாசகம் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எஞ்சியிருக்கிற ஒரே மாற்று உதட்டை மூடிக்கொள்வது. அதையும் பறிக்கப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியது

அவர் படித்தது பாதி உண்மை. 2002-ல் கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளியில் அந்தச் சொற்களோடு உறுதிமொழி சொல்லவைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது உண்மை. அது டெக்சாஸைக் கட்டுப்படுத்தவில்லை, கலிபோர்னியாவிலும் நிலைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2004-ல் அதை ரத்து செய்தது. அந்தத் தேதியும் ஜூன் 14. அமெரிக்காவில் ஜூன் 14 கொடி நாள். 1943, 1954, 2004 மூன்றும் அதே நாளில் வந்து விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

ஏன் ரத்தானது என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். வழக்குப் போட்டவர் ஒரு நாத்திகத் தந்தை. பெற்றோர் பிரிந்திருந்தார்கள். மகள் விஷயத்தில் கடைசி முடிவெடுக்கும் உரிமை தாயிடம் இருந்தது. அந்தத் தாயோ, நாங்கள் கிறிஸ்தவர்கள், மகளுக்கு அதைச் சொல்வதில் ஆட்சேபம் இல்லை என்றார். அப்படியிருக்க மகள் சார்பில் தந்தை இந்த வழக்கைப் போட முடியாது என்று சொல்லிவிட்டு, சொற்கள் சரியா தவறா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. ஒரு நீதிபதி, கிளாரன்ஸ் தாமஸ், எங்கள் பழைய தீர்ப்பு ஒன்றின்படி பார்த்தால் இது செல்லாது, ஆனால் அந்தப் பழைய தீர்ப்பே தப்பு என்று தனியாக எழுதினார். அந்த அளவுக்கு முடிச்சு இறுகிப்போன விஷயம் இது.

அதன்பின் 2010-ல் அதே ஒன்பதாவது சரக நீதிமன்றம் 2-க்கு 1 என்று சொற்களை ஏற்றுக்கொண்டது. நியூ ஹாம்ப்ஷையர் வழக்கிலும் அதே வருடம் அதே முடிவு. டெக்சாஸுக்கென்று இன்னொன்று இருக்கிறது: இங்கே பிள்ளைகள் மாநிலக் கொடிக்கும் தனியாக உறுதிமொழி சொல்கிறார்கள். அதில் 2007-ல் ‘அண்டர் காட்’ சேர்க்கப்பட்டது, டெக்சாஸ் உள்ள ஐந்தாவது சரக நீதிமன்றம் 2010-ல் அதையும் செல்லும் என்றது. அதாவது உங்கள் மகளுக்கு அந்த இடம் காலையில் இரண்டு முறை வருகிறது. மாநில உறுதிமொழியில் என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். 2022-ல் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் பிரார்த்தனை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் சார்ந்த இத்தகைய கேள்விகளை வரலாற்று வழக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அளவுகோலையே மாற்றியது. இந்தச் சூழலில் சொற்களை நீக்கச் சொல்லி வழக்குப் போடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்தச் சொற்கள் நடுநிலையானவை என்று நானும் நினைக்கவில்லை. ஆனாலும் உங்கள் மகளை வாதியாக வைத்து அந்த வழக்கை நடத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

தண்டித்ததற்காக வழக்கு என்றால் அது வேறு. ஹூஸ்டன் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி உறுதிமொழி சொல்ல மறுத்தார். ஆசிரியர் வகுப்புப் பாடம் என்ற பெயரில் அதை எழுதச் சொன்னார். 2021-ல் ஐந்தாவது சரக நீதிமன்றம் அந்த ஆசிரியருக்கு எதிரான வழக்கு நடக்கட்டும் என்றது. 2022-ல் 90,000 டாலருக்குச் சமரசம் ஆனது. பள்ளியை விட்டுப் போய் வருடங்கள் கழித்துத்தான் அந்த மாணவிக்கு இது முடிந்தது என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

முதலில் மகளிடம் கேளுங்கள்

கடிதம் முழுக்க அப்பா என்ன சொல்கிறார், அம்மாவுக்கு என்ன பயம், டீச்சர் என்ன எழுதினார் என்று இருக்கிறது. மகள் ஏன் நிறுத்துகிறாள் என்று அவளே சொன்ன ஒரு வரி இல்லை. அப்பாவிடமிருந்து வந்தது என்று நீங்களாக ஊகித்திருக்கிறீர்கள். இருக்கலாம். வகுப்பில் யாராவது ‘உங்க சாமிக்கு நிறைய கை’ என்று சிரித்திருக்கலாம். புரியாததைச் சொல்லக் கூடாது என்று அவளாகவே முடிவெடுத்திருக்கலாம். இந்த உரிமை அவள் வாய்க்கு உரியது. சொல்ல வைக்கப் பள்ளிக்கு உரிமை இல்லாததுபோல, சொல்லாமல் இருக்க வைக்க அப்பாவுக்கும் மனது வரக் கூடாது.

கணவர் இல்லாத நேரத்தில் ரகசியமாகக் கேட்காதீர்கள். இருவரும் இருக்கும்போது கேளுங்கள். முழுதும் சொல்லலாம், இரண்டு சொல்லை விட்டுவிடலாம், ஒன்றுமே சொல்லாமல் நிற்கலாம், நாளைக்கு மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம், எதற்கும் அப்பாவோ அம்மாவோ வருத்தப்பட மாட்டோம் என்று சொல்லுங்கள். கூடவே ஒரு தகவல். உறுதிமொழிகளுக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் இருக்குமே, டெக்சாஸ் சட்டப்படி அந்த நிமிடத்தில் பிரார்த்தனை செய்யலாம், சும்மா யோசிக்கலாம், சத்தமில்லாமல், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் எது வேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் சொல்லிக்கொடுத்த பதிகத்தை அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும் யாரும் கேட்க முடியாது.

அப்புறம் பள்ளிக்குக் கடிதம்

பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் கேட்டால், உறுதிமொழி சொல்வதிலிருந்து மாணவருக்கு விலக்குக் கொடுத்தாக வேண்டும் என்று டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 25.082 என்ற பிரிவு சொல்கிறது. அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பெற்றோர் கடிதம் இல்லாமலே பிள்ளைக்கு அந்த உரிமை உண்டா என்பதில் சண்டை இருக்கிறது. புளோரிடா வழக்கு ஒன்றில் 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் சம்மதம் கேட்பதை ஏற்றுக்கொண்டது. டெக்சாஸ் அரசும் அதே வாதத்தை வைத்திருக்கிறது. அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம். ஒரு பக்கக் கடிதத்தில் விஷயம் முடியும்.

பிரின்சிபலுக்கு எழுதி, டீச்சருக்குப் பிரதி அனுப்புங்கள். மேலே நான் சொன்ன தீர்ப்புகளை அதில் அடுக்காதீர்கள். இந்த அளவு போதும்: “25.082 பிரிவின்படி எங்கள் மகள் இரண்டு உறுதிமொழிகளையும் முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ சொல்லாமல் இருக்க விலக்குக் கேட்கிறோம். அவள் அமைதியாக இருப்பாள், யாருக்கும் இடைஞ்சல் செய்ய மாட்டாள். இன்ன தேதியில் அவளை வகுப்பின் முன் தனியாகச் சொல்ல வைத்ததும், ரீசஸ் நேரத்தைக் குறைத்ததும் மீண்டும் நடக்காது என்பதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறோம்.” காரணம் எழுத வேண்டாம். நீங்கள் என்ன மதம், கணவர் என்ன கொள்கை, என்ன விசா என்பதெல்லாம் பள்ளிக்குத் தேவையில்லாதவை. பெற்றோரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்றாலும் இருவருமே போடுங்கள். 2004 வழக்கின் கதி தெரிந்த பிறகு இது புரியும்.

பல டீச்சர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த எட்டு மாதம் உங்கள் மகள் அவரிடம்தான் கணக்குப் படிக்கப் போகிறாள். குரலை உயர்த்தாமல் முடிகிற விஷயத்தை அப்படியே முடியுங்கள். பிரின்சிபல் பதில் சொல்லவில்லை என்றால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் முறையாகக் குறைதீர்ப்பு மனு கொடுக்க வழி இருக்கிறது. அதற்குக் கெடு நாள் உண்டு, பெற்றோர் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், குடிமக்கள் உரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யு அமைப்பின் டெக்சாஸ் கிளையையோ உள்ளூர் வழக்கறிஞரையோ அணுகலாம்.

கிரீன் கார்டு பயம்

இது சுருக்கமாக. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் உங்கள் பிள்ளை பள்ளியில் உறுதிமொழி சொன்னாளா என்று ஒரு கேள்வியும் கிடையாது. இதைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லிப் பள்ளிக்கு எந்தச் சட்டமும் இல்லை. மகள் இங்கே பிறந்தவள், குடிமகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இந்தக் கவலையே இல்லை. குடிமக்களுக்கு மட்டும்தான் பேச்சுரிமை என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945-லேயே சொல்லியிருக்கிறது.

என்றாவது நீங்கள் குடியுரிமை வாங்கும்போது எடுக்கும் பிரமாணத்தின் முடிவில் ‘கடவுள் துணை புரியட்டும்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாதவர்கள் அந்த வரியை விட்டுவிட்டு, ஆணையிடுவதற்குப் பதில் உறுதி கூறலாம் என்று விதியே இருக்கிறது. அன்றைக்கு உங்கள் கணவர் அதை விட்டுவிட்டுச் சொல்லலாம், பக்கத்தில் நின்று நீங்கள் முழுதாகச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ்தான்.

டீச்சரின் மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். நடந்த தேதி, மகள் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கடிதம் கொடுத்து இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி அவளை முன்னால் நிறுத்தினாலோ உடனே எழுதுங்கள்.